சோள நாட்டில் வீரர் பஞ்சம்!

சனிக்கிழமை விடிந்தால் அந்த ராஜ்யத்தில் புதிதாக ஒரு நகரம் முளைக்கும். அந்தி சாய்ந்ததும் மறைந்துவிடும். ஏதோ மாயாஜாலக் கதை என்று எண்ண வேண்டாம். ஐக்கிய அமெரிக்காவின் நட்ட நடுவிலுள்ள நெப்ராஸ்கா ராஜ்யத்தில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நடக்கும் சங்கதி இது.

நெப்ராஸ்காவின் தலைநகரம் லிங்கன். அங்குள்ள சர்வகலாசாலைக்கு 1923-ல் கட்டிய ஒரு விளையாட்டு அரங்கு உண்டு. கால்பந்து ஆட்ட நாளன்று அதில் 85,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். ஒமாஹா, லிங்கன் என்ற இரு நகரங்களை விட்டால் அத்தனை ஜனங்கள் வசிக்கும் ஊரே அந்த ராஜ்யத்தில் கிடையாது. ஆகவே ஆட்ட நாளில் அந்த அரங்குதான் ராஜ்யத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். முதியவர், குழந்தைகள், பெண்கள் எல்லோரும் சிவப்பு உடையில் வருவார்கள். 1962 நவம்பர் 3-ந் தேதியிலிருந்து இன்று வரை அந்த அரங்கில் டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டம் ஒன்றுகூட இல்லை என்பது கணக்கு. 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது அந்தக் கணக்கு!

பார்க்க இவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஆட ஆள் இருக்கிறார்களா? அங்கேதான் சங்கடம்.

நெப்ராஸ்கா கோஷ்டிக்கு "கார்ன்ஹஸ்கர்ஸ்" என்று பெயர். சோளக் கதிரை உரிப்பவர்கள் என்று அர்த்தம். திரும்பிய பக்கமெல்லாம் மக்காச்சோளக் கொல்லைகள் உள்ள பூமிக்குப் பொருத்தமான பெயர்தான். சோழ நாட்டில் வீரர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இந்தச் சோள நாட்டிலோ சுமார் கால் நூற்றாண்டாக அந்தப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதையும் நடுங்க வைத்த கோஷ்டி அது என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் இன்னும் அதிகமாகும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், வீசுவதும், ஓடுகிறவனை மறித்து வீழ்த்துவதுமே அந்த ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். முன் வரிசையில் நிற்பவர்கள் மலை போன்ற ஆகிருதி உடையவர்கள். பின்னால் ஓடுபவர்கள் மான் போல் பாய்கிறவர்கள். இருவகை ஆட்களும் இருந்தால்தான் கோஷ்டி உருப்படும். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் இந்த ஆட்டம் அங்கே கோடிக்கணக்கான டாலர் புரளும் பெரிய வியாபாரம்.

அந்த நாள் மகிமை

1962-க்கு முன்பு சில ஆண்டுகளாக நெப்ராஸ்கா தோல்வி முகத்திலேயே இருந்தது. அந்த ஆண்டில் பாப் டெவானி என்பவர் பயிற்சியாளராக வந்தார். வந்த முதல் ஆண்டிலேயே 9 வெற்றி! 1970-லும் 1971-லும் தேசியப் பட்டம். 1971 நவம்பர் 25-ந் தேதி பரம வைரியான ஓக்லஹோமாவை அதன் சொந்த ஊரிலேயே 35-31 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தை "நூற்றாண்டின் ஆட்டம்" என்று இன்றும் பேசுகிறார்கள்.

டெவானி 1972-ம் ஆண்டுப் பந்தயங்களோடு விலகினார். அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்பார்ன் 1973-ல் பொறுப்பேற்றார். இவர் அதே ராஜ்யத்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர். 25 ஆண்டுகளில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமம். ஒரே ஓர் ஆண்டில்கூட 9 வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வேறு. பிற்காலத்தில் ஜனங்கள் அவரை அமெரிக்கக் காங்கிரஸுக்கே அங்கத்தினராக அனுப்பி வைத்தார்கள் என்றால் அவர் செல்வாக்கைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா?

இத்தனைக்கும் நெப்ராஸ்கா சின்ன ராஜ்யம். பரப்பில் அல்ல, ஜனத்தொகையில். 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே 19 லட்சத்து 61 ஆயிரம் பேர்தான். டெக்ஸாஸ் ராஜ்யத்திலோ 2 கோடியே 91 லட்சம் பேர். டெக்ஸாஸ், புளோரிடா, கலிபோர்னியா முதலிய இடங்களில் தடுக்கி விழுந்தால் ஆட்டக்காரன் மேல்தான் விழ வேண்டும். நெப்ராஸ்காவிலோ முதல் தரமான கோஷ்டிக்குத் தேறக் கூடிய பையன்கள் ஒவ்வோர் ஆண்டும் வெகு சிலரே. பின் எப்படி அந்தச் சாம்ராஜ்யம் எழும்பிற்று?

கொல்லையிலிருந்து வந்த பிள்ளைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் நல்ல ஆட்டக்காரனுக்குச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றுக்குமாக உபகாரச் சம்பளம் கிடைக்கும். நெப்ராஸ்காவில் அது கிடைக்காத பையன்களும் வந்து சேர்ந்தார்கள். கூப்பிடாமலே வந்தவர்கள். தகப்பனார் சோளம் விற்ற பணத்தில் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிட்டு, "ஒரு மூலையில் இடம் கொடுங்கள், போதும்" என்று நின்றவர்கள். இவர்களுக்கு "வாக்-ஆன்" என்று பெயர். எல்லாக் கல்லூரிகளிலும் இப்படிச் சிலர் உண்டு. ஆனால் நெப்ராஸ்காவில் போல் அதை ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்த்தவர்கள் இல்லை. ராஜ்யத்தில் வேறு பெரிய கல்லூரிக் கோஷ்டி கிடையாது. தொழில்முறைக் கோஷ்டியும் கிடையாது. சனிக்கிழமை தோறும் வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வளர்ந்த பையனுக்கு அந்தச் சிவப்புச் சட்டையைத் தவிர வேறு கனவு ஏது?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அவர்களுக்கு வேலை ஒன்றுதான்: பயிற்சியில் பெரிய ஆட்டக்காரர்களிடம் அடிபடுவது! நான்காம் ஆண்டில், ஐந்தாம் ஆண்டில் உடம்பு தேறி, ஆட்டம் படிந்து, சிலர் முன்னணிக்கே வந்துவிடுவார்கள். பிரெய்னார்டு என்ற சிற்றூர்ப் பள்ளியில் படித்த மகோவிக்கா சகோதரர்கள் நால்வர் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சட்டையை அணிந்தார்கள். அவர்களில் ஜெப், ஜோயல் இருவரும் இப்படித் தாமாக வந்து நின்றவர்கள்தாம். ஜோயல் 1999-ல் தொழில்முறை ஆட்டத்துக்கே தேர்வானார்.

முன் வரிசை மலைகள் சொந்த மண்ணிலேயே கிடைத்தார்கள். ஒமாஹாவில் வளர்ந்த டேவ் ரிமிங்டன் 1981, 1982 இரண்டு ஆண்டுகளிலும் முன் வரிசை ஆட்டக்காரர்களுக்கான அவுட்லண்ட் விருதைத் தட்டிக்கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்ற டீன் ஸ்டைன்குலர் பர் என்ற கிராமத்துக்காரர். இன்று நூறு பேர்கூட வசிக்காத கிராமம் அது!

மான்களை மட்டும் வெளியிலிருந்து பிடித்து வர வேண்டியிருந்தது. 1983-ல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற மைக் ரோஸியர் நியூ ஜெர்ஸிக்காரர். டர்னர் கில் டெக்ஸாஸிலிருந்து வந்தார். 1994, 1995 பட்டங்களுக்குக் காரணமான டாமி பிரேஸியர் புளோரிடாவிலிருந்து வந்தார். கடலோரத்துப் பையன்கள் பனி கொட்டும் லிங்கனுக்கு வரக் காரணம் என்ன?

ஒன்று, டெலிவிஷன். 1984 வரை எந்தக் கல்லூரி எத்தனை ஆட்டங்களைக் காட்டலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே நிர்ணயித்து வந்தது. நாடு முழுவதும் தெரியும் ஆட்டங்கள் சில. அவற்றில் பெயர் பெற்ற கோஷ்டிகளுக்கே இடம். நெப்ராஸ்காவில் சேர்ந்தால் தன் முகத்தைப் பாட்டி வீட்டில் இருந்தபடியே பார்ப்பாள் என்று பையனுக்குத் தெரியும். வேறு பல கல்லூரிகளால் அந்த வாக்குறுதியைத் தர முடியாது.

இன்னொன்று, தேகப் பயிற்சிக் கூடம். பளு தூக்கினால் ஆட்டக்காரன் மந்தமாகிவிடுவான் என்று பயிற்சியாளர்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. அப்போதே, 1969-ல், பாய்ட் எப்லி என்ற இளைஞரை அதற்கென்றே சம்பளத்துக்கு அமர்த்தியது நெப்ராஸ்கா. யாராவது ஒருவன் வேகம் குறைந்தால்கூட வேலை போய்விடும் என்று எச்சரித்துத்தான் டெவானி அவரைச் சேர்த்துக்கொண்டாராம். வேகம் குறையவில்லை, கூடிற்று! ஒல்லியாக வந்த பண்ணைப் பையன் மூன்று ஆண்டில் பயில்வானாக வெளியே வந்த ரகசியம் அந்தக் கூடம்தான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பயிற்சியாளர் மாற மாட்டார் என்ற நிச்சயம் இருந்தது. 1962 முதல் 2003 வரை 42 ஆண்டுகளில் மூன்றே பேர். ஆஸ்பார்ன் ஒரு வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் "உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், பிள்ளை பட்டம் வாங்கும் வரை அவர் அங்கே இருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

ஒவ்வொன்றாகப் போயிற்று

நெப்ராஸ்காவின் வீழ்ச்சிக்கு ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்வது சுலபம். அங்கேயும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அதன் கையிலிருந்த ஆயுதங்கள் ஒவ்வொன்றாக எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தன.

1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் டெலிவிஷன் கட்டுப்பாட்டை ரத்துச் செய்தது. வழக்குத் தொடுத்தது யார் தெரியுமா? அந்தப் பரம வைரி ஓக்லஹோமா சர்வகலாசாலைதான்! அதன் பிறகு சிறிது சிறிதாக எல்லாக் கல்லூரிகளும் பெட்டிக்குள் வந்துவிட்டன. தேகப் பயிற்சிக் கூடத்தையும் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். உபகாரச் சம்பளம் பெறுவோர் தொகைக்குச் சங்கம் வரம்பு வைத்தது. 1973-ல் 105 என்று இருந்தது 1978-ல் 95 ஆகி, 1994-ல் 85-ல் வந்து நின்றது. பெரிய கோஷ்டிகள் வாரிக் குவித்து வைத்திருந்த பையன்கள் நாலா திசையிலும் சிதறினார்கள். பக்கத்துக் கான்ஸஸ் ஸ்டேட் கல்லூரி 30 ஆண்டுகளாக நெப்ராஸ்காவை ஜெயித்ததே இல்லை. 1998-ல் ஜெயித்தது.

1996-ல் நெப்ராஸ்கா சேர்ந்திருந்த "பிக் எய்ட்" கூட்டமைப்பு, டெக்ஸாஸ் கல்லூரிகள் நான்கைச் சேர்த்துக்கொண்டு "பிக் 12" ஆயிற்று. பரீட்சை மார்க் சற்றுக் குறைந்த பையன்களையும் சேர்த்துப் படிக்க வைத்து ஆட வைக்கும் வழக்கத்துக்குப் புதிய கூட்டமைப்பு கடிவாளம் போட்டது. ஆஸ்பார்னுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டே பட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

அடுத்து வந்த பிராங்க் சோலிச் 2001-ல் கோஷ்டியைத் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார். அதில் மயாமியிடம் 37-14 என்று தோற்றது. 2003-ல் 9 வெற்றி, 3 தோல்வி என்று நின்ற சமயத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்! கோஷ்டியை நடுத்தர நிலைக்கு இறங்க விட மாட்டேன் என்றார் அப்போதைய விளையாட்டுத் துறைத் தலைவர். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் நடுத்தர நிலைக்கே ஏங்கும்படி ஆயிற்று என்பது வேறு கதை.

அந்த முடிவின் உண்மையான நஷ்டம் பிள்ளை பிடிப்பதில்தான் தெரிந்தது. அதுவரை நெப்ராஸ்கா ஆடியது தரையோடு ஓடும் ஆட்டம். பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவதா, பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளுவதா என்று ஓடும்போதே தீர்மானிக்கும் "ஆப்ஷன்" முறை அது. உள்ளூர் மலைகளும் இரண்டு மூன்று வெளியூர் மான்களும் இருந்தால் போதும். 2004-ல் வந்த பில் காலஹன் வீசி ஆடும் முறையைக் கொண்டுவந்தார். வீசுவதற்கும் பிடிப்பதற்கும் தேர்ந்த பையன்கள் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் விளைகிறார்கள். சோளக் கொல்லையில் விளைவதில்லை. பழைய முறைக்காக வந்த பையன்கள் புதிய முறையில் விழித்தார்கள். 2007-ல் அண்டை ராஜ்யத்துக் கான்ஸஸ் சர்வகலாசாலை 76-39 என்று அடித்துத் துவைத்தது. ஒரே ஆட்டத்தில் நெப்ராஸ்கா அத்தனை புள்ளிகளை அதற்கு முன் எவருக்கும் கொடுத்ததில்லை.

பிறகு போ பெலினி. ஏழு ஆண்டுகளில் ஒன்றிலும் 9 வெற்றிக்குக் குறையவில்லை; ஆனாலும் 2014-ல் அவரையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு மைக் ரைலி: 19 வெற்றி, 19 தோல்வி. முறைக்கு ஒரு பயிற்சியாளர், பயிற்சியாளருக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது. இதற்கு நடுவே 2011-ல் நெப்ராஸ்கா வடக்கத்திக் கல்லூரிகள் அடங்கிய "பிக் டென்" கூட்டமைப்புக்கு மாறிற்று. டெலிவிஷன் பணம் கொட்டியது. ஆனால் டெக்ஸாஸில் ஆடும் வாய்ப்புப் போயிற்று. டல்லஸ் நகரிலிருந்து லிங்கனுக்குச் சாலை வழியே 600 மைலுக்கு மேல். "பிள்ளை ஆடுவதைப் பக்கத்து ஊரிலேயே வந்து பாருங்கள்" என்று அந்த ஊர்ப் பெற்றோரிடம் இனிச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகப் புதிய கூட்டமைப்பின் ஒஹாயோ, மிச்சிகன் பக்கங்களில் பிள்ளை தேடப் போனால், அங்கே தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய கல்லூரிகள் வழிமறித்து நிற்கின்றன.

2018-ல் ஜனங்கள் கண்ணீர் மல்க ஒருவரை வரவேற்றார்கள். ஸ்காட் பிராஸ்ட். உட் ரிவர் என்ற நெப்ராஸ்காச் சிற்றூரில் வளர்ந்தவர். 1997 பட்டத்தை வென்ற கோஷ்டியின் தளகர்த்தர். மத்திய புளோரிடா சர்வகலாசாலையின் கோஷ்டியைத் தோல்வியே காணாமல் நடத்திக் காட்டிவிட்டு வந்திருந்தார். மண்ணின் மைந்தன் திரும்பிவிட்டான், இனிக் கவலை இல்லை என்றார்கள். 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் அவரும் போனார். 2021-ல் தோற்ற 9 ஆட்டங்களிலும் வித்தியாசம் ஒற்றை இலக்கம்தான் என்பது வயிற்றெரிச்சலைக் கிளப்பும் சமாசாரம்.

1963-லிருந்து ஆண்டு தவறாமல் நெப்ராஸ்காவிலிருந்து ஒருவராவது தொழில்முறைக் கோஷ்டிகளுக்குத் தேர்வாகி வந்தனர். 2019-ல் ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டு முதல் சுற்றிலேயே தேர்வான நோவா பேன்ட் யார்? ஒமாஹாவில் படித்த பையன்! ஆனால் அவன் கல்லூரி ஆட்டம் ஆடியது அண்டை ராஜ்யமான அயோவாவுக்காக.

பெண் பார்க்கும் படலம்

பிள்ளை பிடிக்கும் முறையைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம்தான் ஞாபகத்துக்கு வரும். பயிற்சியாளர் விமானம் ஏறி வந்து பையன் வீட்டுக் கூடத்தில் உட்காருவார். தாயாரின் சமையலைப் புகழ்வார். தகப்பனாரிடம் படிப்பைப் பற்றிப் பேசுவார். பிறகு பையனும் பெற்றோரும் கல்லூரியைப் பார்க்க வருவார்கள், ராஜோபசாரம் நடக்கும். பையன்களுக்கு ஜாதகம்போல் நட்சத்திரம் கூட உண்டு! தரம் பார்த்து இரண்டு, மூன்று, நான்கு என்று நட்சத்திரம் போடுவதற்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சில டஜன் பேருக்குத்தான். டிசம்பரில் கையெழுத்து. கையெழுத்து விழும் வரை எந்தச் சம்பந்தமும் நிச்சயமில்லை.

அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நெப்ராஸ்காப் பயிற்சியாளர் என்ன சொல்வார்? ஐந்து பட்டங்களைச் சொல்லலாம். ஆனால் 2025 டிசம்பரில் கையெழுத்திட்ட பையன் 2007 வாக்கில் பிறந்தவன். கடைசிப் பட்டம் அவன் பிறப்பதற்குப் பத்தாண்டு முந்தியது. அவனுக்கு விவரம் தெரிந்த நாளாக நெப்ராஸ்கா தோற்கும் கோஷ்டி. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். "நூற்றாண்டின் ஆட்டம்" அவனுக்குத் தாத்தா சொல்லும் கதை.

பணத்தைச் சொல்லலாமா? 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஆயிற்று. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேராகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. நெப்ராஸ்கா ஏழையல்ல. தனவந்தர்கள் தாராளமானவர்கள். 2021-ல் விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளை அவர்களே வாங்கி, வசதியற்ற சிறுவர்களுக்குக் கொடுத்துத்தான் அந்த 1962 கணக்கை முறியாமல் காப்பாற்றினார்கள்! ஆனால் பணம் ஒஹாயோவிடமும் இருக்கிறது, டெக்ஸாஸிடமும் இருக்கிறது.

போதாக்குறைக்கு, கிடைத்த பிள்ளையும் நிலைப்பதில்லை. முன்பு கல்லூரி மாறினால் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. டைலன் ரயோலாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஐந்து நட்சத்திரப் பையன். முதலில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வாக்குக் கொடுத்தான். பிறகு ஜார்ஜியாவுக்கு. 2023 டிசம்பரில் திடீரென்று நெப்ராஸ்காவில் கையெழுத்திட்டான். காரணம், அவன் தகப்பனார் டொமினிக் ரயோலா அங்கே ஆடிப் பெயர் பெற்றவர். சிற்றப்பாவோ அப்போது அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தார். ராஜ்யமே திருவிழாக் கொண்டாடிற்று. முதல் ஆண்டே முன்னணி ஆட்டக்காரன். 2025 நவம்பரில் கால் எலும்பு முறிந்தது. அந்த ஆண்டு முடிவில் வேறு கல்லூரி தேடிப் புறப்பட்டுவிட்டான். ரத்த பாசம் இரண்டு ஆண்டு தாங்கிற்று.

சின்ன ராஜ்யம், பிள்ளைகள் இல்லை என்று சமாதானம் சொல்லவும் இப்போது வழியில்லை. இந்தியானா சர்வகலாசாலை தோல்விக்குப் பேர் போன இடம். கர்ட் சிக்னெட்டி என்ற புதிய பயிற்சியாளர் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த பையன்களைப் பொறுக்கிச் சேர்த்தார். 2024 அக்டோபரில் அந்த இந்தியானா நெப்ராஸ்காவை 56-7 என்று நொறுக்கியது. 2026 ஜனவரியில் தேசியப் பட்டத்தையே வென்றுவிட்டது! லிங்கனில் இதைக் கேட்டு எத்தனை பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

கிராமத்துப் பையனின் கதி

2022 நவம்பரில் நியமனமான மாட் ரூல் கை தேர்ந்தவர்தான். டெம்பிள், பெய்லர் என்ற இரு கல்லூரிகளைப் பாதாளத்திலிருந்து தூக்கி நிறுத்தியவர். பெய்லரில் 2017-ல் ஒரே வெற்றி, 2019-ல் பதினொன்று. நெப்ராஸ்காவுக்கு வந்ததும் உள்ளூர்ப் பள்ளிகளோடு உறவைப் புதுப்பிக்கும் வேலையைத்தான் அவர் முதலில் தொடங்கினார். 2024-ல் 7 வெற்றி, 6 தோல்வி. எட்டு ஆண்டுகளில் முதல் தடவையாக வெற்றிக் கணக்கு. 2025-லும் அதே 7, அதே 6.

ஆனால் அவர் தேடிப் போகும் கிராமங்கள் முன்பு போல் இல்லை. பண்ணைகள் பெருத்துவிட்டன, குடும்பங்கள் குறைந்துவிட்டன. பதினொரு பையன்களைச் சேர்க்க முடியாமல் எட்டுப் பேர் கால்பந்து, ஆறு பேர் கால்பந்து என்று ஆடுகிற பள்ளிகள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் பையனிடம் திறமை இருந்தாலும் அதை மதிப்பிடுவது கஷ்டம். அவனுக்கு வேண்டியது அவகாசம். மூன்று நான்கு ஆண்டு மூலையில் நின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. பணம் கொடுக்க வழி செய்த அதே கோர்ட் சமரசத்தில் இன்னொரு விதியும் வந்தது. இப்படிப் பணம் கொடுக்கும் கல்லூரியின் கால்பந்துக் கோஷ்டியில் 105 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உபகாரச் சம்பளம் பெறுபவனானாலும் சரி, சொந்தப் பணத்தில் படிப்பவனானாலும் சரி. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் நீதிபதி வற்புறுத்திய பிறகு கிடைத்தது. நெப்ராஸ்காவில் பட்டியல் 150 பேர் வரை நீண்டிருந்த காலம் உண்டு. அந்த வால் பகுதியில் இருந்தவர்கள்தாம் மகோவிக்காக்கள். இனி ஒரு தகப்பனார் ஐந்தாண்டுச் சம்பளத்தையும் முன்கூட்டியே கட்டத் தயாராக இருந்தாலும், பிள்ளைக்கு மூலையில் நிற்க இடம் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை.

இடம் இல்லாத பையன்கள் எங்கே போகிறார்கள்? கியர்னி, வெய்ன், சாட்ரன் என்று ராஜ்யத்துக்குள்ளேயே சில சிறு கல்லூரிகள் இருக்கின்றன. முன்னொரு சமயம் நார்த் பிளாட் என்ற ஊரிலிருந்து டானி உட்ஹெட் என்று ஒரு குள்ளமான பையன் லிங்கனில் உபகாரச் சம்பளம் கிடைக்காமல் சாட்ரனுக்குப் போனான். அங்கே ஓட்டத்தில் சாதனைகளைக் குவித்தான். தொழில்முறை ஆட்டத்துக்குப் போய், 2012 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் பந்தைப் பிடித்துப் புள்ளியும் எடுத்தான். லிங்கனில் அவனுடைய பெயரை எடுத்தால் இப்போதும் பேச்சு நின்றுவிடும்.

அந்தக் காலத்தில் சாட்ரன் போனால் சாட்ரன்தான். இப்போது ஒரு வித்தியாசம். ரயோலா வெளியேறிய அதே கதவு உள்ளே வரவும் திறந்திருக்கிறது. சாட்ரனிலும் கியர்னியிலும் இரண்டு ஆண்டு நன்றாக ஆடிய பண்ணைப் பையனை லிங்கன் மறுபடி கூப்பிடலாம். அவனும் ஒரு நாள்கூட உட்காராமல் வந்து ஆடலாம். அதற்குள் வேறு கல்லூரிகள் அவனைப் பார்த்து அதிகப் பணத்தோடு வந்து நிற்காமல் இருக்க வேண்டும்!